ஆய்வேட்டுக்குப் பூட்டுப் போடாதீர்கள்: நம் மலேசியப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர்களுக்கும் பல்கலைக்கழக வாரிய உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். இடைநிலைப்பள்ளியில் முப்பத்தொரு வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். அப்பா பால்மரம் சீவியவர்; நான் பிறந்தது லயத்து வீட்டில். இதே மடலை மலாயில் எழுதி உங்கள் அலுவலகங்களுக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன். அதில் பணிவு கொஞ்சம் கூடுதலாக இருக்கும். தமிழில் எழுதுவது, என் ஊர்க்காரர்களும் படித்துவிட்டு ஒட்டுக்கடையில் என்னோடு சண்டைக்கு வரட்டும் என்பதற்காக.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அணுக்கரு இணைவு ஆற்றல் ஆய்வில், அதாவது அணுக்கருக்களை ஒன்றுசேர்த்து ஆற்றல் எடுக்கும் வேலையில், இப்போது தனியார் பணம் கொட்டுகிறது. அந்தத் தொழில் நிறுவனங்களின் சங்கம் 2024-இல் வெளியிட்ட கணக்கில் 45 நிறுவனங்கள் இருக்கின்றன. போட்ட பணம் 710 கோடி அமெரிக்க டாலருக்கும் மேல். அவற்றில் நிறைய நிறுவனங்கள் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் மடியில் பிறந்தவை. நமக்கு வடக்கே தாய்லாந்தில், சீன ஆய்வகம் ஒன்றின் உதவியோடு, 2023-லிருந்து டோகமாக் என்ற இணைவு ஆய்வு இயந்திரம் ஒன்று ஓடுகிறது. ஆகவே இன்றோ நாளையோ ஒரு நிறுவனம் உங்கள் கதவையும் தட்டும். தட்டினால் திறங்கள். தனியார் பணம் தீட்டு என்று சொல்லுகிற ஆள் நான் இல்லை. ஆனால் அவர்கள் நீட்டுகிற தாளில், மாணவரின் ஆய்வேட்டை வருடக்கணக்கில் வெளியே விடாமல் வைக்கும் வரி ஒன்று இருக்கக்கூடும். அதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

ஏன் இந்த ஒரு வரியில் எனக்கு இவ்வளவு கோபம் என்று கேட்டால், மூன்று வருடம் பின்னால் போக வேண்டும். தீபாவளிக்கு முந்தின வாரம் என் பழைய மாணவி ஒருத்தி அம்மாவோடு வீட்டுக்கு வந்தாள். அம்மா செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்கிப் பிள்ளையைப் படிக்க வைத்தவர். பெண் முனைவர் பட்டம் வாங்கிவிட்டாள். பலகாரத்தோடு வந்தார்கள், முகத்தில் மட்டும் தீபாவளி இல்லை. அவள் ஆய்வு இணைவு பற்றியது அல்ல, உலோகங்களின் மேல் போடும் பூச்சு பற்றியது. ஒரு நிறுவனம் காசு கொடுத்த ஆய்வு. ஐந்து வருடத்துக்கு ஆய்வேடு வெளியே வரக்கூடாது என்று ஒப்பந்தம். கையெழுத்துப் போட்டது பல்கலைக்கழகமும் நிறுவனமும்; அவளுக்கு அது தெரிந்ததே ஆய்வு பாதி முடிந்த பிறகுதான். வெளிநாட்டில் மேலாய்வுக்கு விண்ணப்பம் போட்டாள். கட்டுரைகளை அனுப்பு என்றார்கள். கட்டுரை ஒன்றும் இல்லை. ஆய்வேட்டையாவது காட்டு என்றார்கள். அதுவும் முடியாது.

அவள் அம்மா என்னிடம் கேட்டார்: “ஏன் சார், அஞ்சு வருசம் ராத்திரி பகலாப் படிச்சா. படிச்சதக் காட்டக்கூடாதுன்னா, படிக்கலன்னுதான சொல்லுவாங்க?”

நியூட்டனின் மூன்றாம் விதியை எத்தனை விதமாகக் கேட்டாலும் பதில் சொல்லத் தெரிந்த எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் இங்கே வேண்டாம். அவளுக்கு இன்னும் அதே துறையில் வேலை தேட வேண்டியிருக்கிறது. அந்த நிறுவனம் மோசமான நிறுவனமும் இல்லை. உதவித்தொகை மாதம் தவறாமல் வந்தது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. வரி எழுதப்பட்டிருந்தது, யாரும் அதை மறித்துக் கேட்கவில்லை, அவ்வளவுதான். அவள் இப்போது ஈப்போவில் டியூஷன் எடுக்கிறாள்.

சரி, இணைவுக்கு வருகிறேன். துணைவேந்தர்களுக்குப் பாடம் நடத்தும் அதிகப்பிரசங்கித்தனம் எனக்கு இல்லை. இந்தப் பத்தி ஊர்க்காரர்களுக்கு. ஹைட்ரஜனின் கனமான இரண்டு வகைகள் உண்டு, டியூட்டீரியம், டிரிட்டியம் என்று. இரண்டின் கருவும் மோதி ஒன்றாகி ஹீலியம் ஆகும்போது ஒரு நியூட்ரான் பிய்த்துக்கொண்டு ஓடும். கிடைக்கும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கு அந்த நியூட்ரானோடு போய்விடும். அதைப் பிடித்து, அந்தச் சூட்டில் நீரைக் கொதிக்க வைத்து, மின்சாரம் எடுக்க வேண்டும். மோத வைப்பதுதான் கஷ்டம். இரண்டு கருவும் நேர்மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று கிட்டவே விடாது. அதை மீற 10 கோடி பாகைக்கு மேல் சூடு வேண்டும். சூரியனின் நடுவயிற்றிலேயே ஒன்றரைக் கோடி பாகைதான். அந்தச் சூட்டில் எரிபொருள் பிளாஸ்மா என்ற மின்னேற்ற வாயுவாகிவிடும்; எந்தப் பாத்திரமும் நிற்காது என்பதால் அதைக் காந்தப்புலத்தால் கட்டி அந்தரத்தில் நிறுத்துகிறார்கள். வளையல் வடிவத்தில் அப்படி நிறுத்தும் இயந்திரத்துக்குத்தான் டோகமாக் என்று பெயர்.

எங்கே நிற்கிறது இந்த வேலை? இங்கிலாந்தின் கல்ஹம் ஊரில் இருந்த ஜெட் என்ற டோகமாக், மூடப்படுவதற்குச் சற்று முன், 2023 அக்டோபரில் 0.2 மில்லிகிராம் எரிபொருளிலிருந்து 69 மெகாஜூல் ஆற்றல் எடுத்தது. உலகச் சாதனை. தெனாகா மின்சார பில்லில் வரும் கணக்குக்கு மாற்றினால் 19 யூனிட். என் வீட்டுக்கு இரண்டு நாள் ஓடும். அதை எடுக்க உள்ளே செலுத்திய மின்சாரமோ அதைவிட எவ்வளவோ அதிகம். அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகம் 2022 டிசம்பர் 5 அன்று 2.05 மெகாஜூல் லேசர் ஒளியைப் பாய்ச்சி 3.15 மெகாஜூல் எடுத்தபோது உலகமே கைதட்டியது. நானும் தட்டினேன். அந்த லேசரை ஓட்ட மின்கம்பியிலிருந்து இழுத்தது சுமார் 300 மெகாஜூல் என்பது செய்தியின் கடைசிப் பத்தியில் இருந்தது. 1955-இல் அணுசக்தி பற்றிய ஜெனீவா மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய இந்திய விஞ்ஞானி ஹோமி பாபா, இருபது வருடத்துக்குள் இணைவு கைக்குள் வந்துவிடும் என்று கணித்தார். நானும் வகுப்பில் இருபது வருடம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன், முப்பத்தொரு வருடமும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், முடிவு தெரியாத நீண்ட வேலை இது. இன்றைக்கு ஒரு மாணவர் கண்டுபிடிப்பதை அவர் பேரன் பயன்படுத்தலாம். இப்படிப்பட்ட வேலையில் நடுவில் யாராவது ஒரு பக்கத்தைக் கிழித்து ஜேபியில் போட்டுக்கொண்டால், பின்னால் வருகிறவன் அதே பக்கத்தைத் திரும்ப எழுத வேண்டும்.

தனியார் பணம் ஏன் பல்கலைக்கழகங்களைத் தேடி வருகிறது என்பதற்கு அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் கதை நல்ல உதாரணம். அங்கே அல்காட்டர் சி-மாட் என்ற டோகமாக் இருந்தது. அமெரிக்க அரசு காசை நிறுத்தியதால் 2016-இல் அதை மூடினார்கள். அதற்குள், வகுப்பில் மாணவர்களுக்குக் கொடுத்த ஒரு வடிவமைப்புப் பயிற்சியிலிருந்து, மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் புதுவகை மீக்கடத்தி நாடாவால் காந்தம் செய்தால் இயந்திரத்தைச் சின்னதாக்கலாம் என்ற யோசனை வளர்ந்து 2015-இல் கட்டுரையாக வந்திருந்தது. அதன் முதல் ஆசிரியர் அப்போது முனைவர் பட்ட மாணவர். அந்தக் குழுவிலிருந்து 2018-இல் காமன்வெல்த் ஃபியூஷன் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் பிறந்தது. எனி என்ற இத்தாலிய எண்ணெய் நிறுவனம் 5 கோடி டாலர் போட்டது. அந்தப் புது நிறுவனம் எம்.ஐ.டி. ஆய்வுக்கென்று மூன்று வருடத்தில் 3 கோடி டாலர் தருவதாக ஒப்பந்தம். 2021 செப்டம்பரில் இருவரும் சேர்ந்து செய்த காந்தத்தின் புல வலிமை 20 டெஸ்லாவைத் தொட்டது. ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கும் காந்தம் சாதாரணமாக ஒன்றரை டெஸ்லா.

இதில் எனக்குப் பிடித்தது காந்தம் கூட இல்லை. அவர்கள் கட்டிவரும் ஸ்பார்க் இயந்திரத்தின் இயற்பியல் அடிப்படையை 2020-இல் ஏழு ஆய்வுக் கட்டுரைகளாக வெளியிட்டுவிட்டார்கள். 12 ஆய்வு அமைப்புகளைச் சேர்ந்த 47 ஆய்வாளர்கள் எழுதியவை. காந்தச் சோதனை பற்றி 2024-இல் இன்னும் ஆறு கட்டுரைகள். கோடிக்கணக்கான டாலர் போட்ட முதலாளிகளை வைத்துக்கொண்டே அதைச் செய்தார்கள். ஆகவே, நிறுவனம் ஒத்துக்கொள்ளாது என்று எந்த அதிகாரியாவது உங்களிடம் சொன்னால், அவரிடம் இந்த 13 கட்டுரைகளைக் காட்டுங்கள்.

இந்தத் துறையே திறந்து பேசியதால் வளர்ந்த துறை. 1968-இல் சோவியத் விஞ்ஞானிகள் தங்கள் டி-3 டோகமாக்கில் ஒரு கோடி பாகைக்குக் கிட்ட எட்டிவிட்டோம் என்றபோது மேற்கில் பலர் நம்பவில்லை. பனிப்போர்க் காலம் வேறு. சோவியத்காரர்கள் மறைக்கவில்லை, வந்து அளந்து பாருங்கள் என்று கூப்பிட்டார்கள். கல்ஹமிலிருந்து ஒரு குழு லேசர் கருவிகளைக் கப்பல் சாமான் மாதிரி கட்டி மாஸ்கோவுக்குக் கொண்டுபோய் 1969-இல் அளந்தது. சொன்னது மெய். அதன் பிறகுதான் ஊர் ஊராக டோகமாக் கட்ட ஆரம்பித்தார்கள். எதிரி நாட்டுக்காரன் அளக்க விட்டதை நம் ஊர்ப் பிள்ளை காட்டக்கூடாது என்பது எந்த ஊர் நியாயம்?

இப்போது நம் வீட்டுக் கதை. உங்களில் ஒருவர் அலுவலகத்துக்குச் சில கட்டடம் தள்ளி நடந்தது, மற்றவர்கள் மறந்திருக்கலாம்.

1985-86. மலாயாப் பல்கலைக்கழகம். பேராசிரியர் லீ சிங் தலைமையில் ஒரு பயிற்சி நடந்தது. ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகமும், இத்தாலியின் திரியெஸ்தே நகரில் பாகிஸ்தானிய இயற்பியல் அறிஞர் அப்துஸ் சலாம் தொடங்கிய அனைத்துலகக் கோட்பாட்டு இயற்பியல் மையமும் ஆதரவு கொடுத்தன. ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் இளம் ஆய்வாளர்கள் வந்து மாதக்கணக்கில் தங்கி ஒரு கருவியைக் கட்டக் கற்றுக்கொண்டார்கள். பிளாஸ்மா ஃபோகஸ் என்று பெயர். மின்தேக்கியில் சேமிக்கும் ஆற்றல் சுமார் 3.3 கிலோஜூல். வகுப்பில் இதைக் கணக்காகவே போடுவேன்: ஒரு தம்ளர் தண்ணீரை நாலு பாகை சூடாக்கும் ஆற்றல். தேத்தண்ணிக்குக் கூடக் காணாது. ஆனால் அதை ஒரு நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் டியூட்டீரிய வாயுவுக்குள் இறக்கினால், வாயு நசுங்கிச் சூடேறி, உள்ளே உண்மையான இணைவு நடக்கும். ஒவ்வொரு வெடிப்புக்கும் பத்துக் கோடி அளவில் நியூட்ரான்கள் வெளியே வரும். மின்சாரம் எடுக்கிற இயந்திரம் அல்ல அது, படிக்கிற இயந்திரம். கோலாலம்பூரில், பந்தாய் பக்கத்தில், நாற்பது வருடத்துக்கு முன்னால்.

அந்தக் கருவியின் அழகு அதன் எளிமைதான். பணமில்லாத நாட்டு ஆய்வகமும் வைத்துக்கொள்ள முடியும், பழுதானால் தானே பிரித்துச் சரிசெய்ய முடியும் என்று யோசித்து வடிவமைத்திருந்தார்கள். பயிற்சி முடிந்தவர்கள் வெறுங்கையோடு போகவில்லை. இந்தியா, பாகிஸ்தான், எகிப்து, நைஜீரியா என்று அவரவர் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் அந்தக் கருவி போய் உட்கார்ந்தது. அதை வைத்து அங்கே மாணவர்கள் பட்டம் வாங்கினார்கள், கட்டுரை எழுதினார்கள். 1988-இல் கோலாலம்பூரிலேயே ஆசிய ஆப்பிரிக்க பிளாஸ்மா பயிற்சிச் சங்கம் என்று ஒன்று ஆரம்பமானது. பிறந்த இடம் நாம்.

ஒரு காலத்தில் நம் பல்கலைக்கழகம் அடுத்த நாட்டு மாணவருக்கு இயந்திரத்தையே மூட்டை கட்டிக் கொடுத்து அனுப்பியது. இப்போது நம் பிள்ளைக்கு அவள் எழுதிய புத்தகத்தைக்கூடக் கையில் கொடுத்து அனுப்ப முடியவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று தெரிந்தால் நல்லது.

தனியாரும் பொது நிறுவனமும் சேர்ந்தால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நான் வெளிநாட்டு உதாரணம் தேடமாட்டேன். எங்கள் நிரையிலேயே நின்றது. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ரப்பர் மர ரகம். பால்மரம் சீவிய எந்தக் குடும்பத்திலும் இந்த எண் தெரியும்; அப்பாவுக்கு என் பிறந்த தேதி மறந்தாலும் எந்த நிரையில் எந்த ரக மரம் என்பது மறக்காது. அந்த மரத்துக்கு ஒரு பெற்றோர் ஜாவாவின் ஜிர் 1. இன்னொரு பெற்றோர் பி.பி. 86. அந்தப் பி.பி. என்பது பிராங் பெசார், முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய ஆங்கிலேய அதிகாரிகள் 1921-இல் தொடங்கிய தனியார் தோட்டம். இன்றைக்குப் புத்ராஜெயா நிற்கும் மண் அது. இரண்டையும் கலந்து புது மரம் எடுத்தது மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம். 1925-இல் அமைந்த அந்தக் கழகத்துக்குச் செலவு எங்கிருந்து வந்தது? ஏற்றுமதியாகும் ரப்பரின் மேல் போட்ட தீர்வையிலிருந்து. தொழில்தான் காசு கொடுத்தது. ஆனால் மரத்தைத் தொழில் பூட்டி வைக்கவில்லை. பெரிய தோட்டமும் நட்டது, இரண்டு ஏக்கர் வைத்திருந்த சிறுதோட்டக்காரரும் நட்டார். எல்லை தாண்டிப் போய் தாய்லாந்தின் தெற்கெல்லாம் அந்த மரமே நின்றது.

(அதிகப் பால் வந்ததில் சீவியவனுக்கு எவ்வளவு வந்தது என்று என் ஊர்க்காரர்கள் உடனே கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த அமைச்சர் துன் சம்பந்தன் 1960-இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, தொழிலாளர் கூலியிலிருந்து தவணை கட்டித் தோட்டமே வாங்கியது ஏன் என்றால், பங்கு எழுத்தில் இல்லாவிட்டால் பங்கே இல்லை என்று அனுபவத்தில் தெரிந்ததால்தான்.)

அவசரத்தில் மறைத்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் இத்துறையிலேயே கதை இருக்கிறது. 1989 மார்ச் 23. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகம் பத்திரிகையாளர்களைக் கூட்டியது. சாதாரண அறை வெப்பத்தில், கண்ணாடிக் குடுவையில், இணைவு நடத்திவிட்டோம் என்று இரண்டு வேதியியல் அறிஞர்கள் அறிவித்தார்கள். காப்புரிமை கைநழுவிவிடும் என்ற பதற்றத்தில், மற்ற ஆய்வாளர்கள் முழு விவரத்தையும் பார்ப்பதற்கு முன்பே அறிவிப்பு வந்துவிட்டது. மாநில அரசு 50 லட்சம் டாலர் ஒதுக்கி ஒரு ஆய்வு மையமே திறந்தது. உலகம் முழுக்க முயன்று பார்த்தார்கள். மற்றவர்களால் அதை உறுதிசெய்ய முடியவில்லை. மையம் 1991-இல் மூடப்பட்டது. பக்கத்து அறை இயற்பியல்காரரிடம் காட்டியிருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும் என்று நான் வகுப்பில் சொல்வேன். கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்ப இல்லை.

அப்புறம், நிறுவனங்களின் ஆயுள். 2025 மே மாதம் கனடாவின் ஜெனரல் ஃபியூஷன் பணத் தட்டுப்பாட்டில் தன் ஊழியர்களில் கால்வாசிப் பேரை வீட்டுக்கு அனுப்பியது. இருபது வருடத்துக்கு மேல் ஓடிய நிறுவனம். அதன் தலைவரும் ஒரு திறந்த மடல்தான் எழுதினார், முதலீட்டாளர்களைத் தேடி. சில மாதத்தில் கொஞ்சம் பணம் கிடைத்தது என்பது நல்ல செய்தி. எல்லோருக்கும் அப்படிக் கிடைக்காது. நிறுவனம் மூடிவிட்டால், அதற்காகப் பூட்டிய ஆய்வேட்டின் சாவி யாரிடம்? கடனை வசூலிக்க வரும் வங்கியிடமா? கையெழுத்துப் போடும் அன்றே இதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். நிறுவனம் படுத்தால் தரவும் கருவியும் பல்கலைக்கழகத்துக்கு, ஆய்வேடு அன்றே வெளியில்.

ரகசியமே கூடாது என்று நான் சொல்லவில்லை. காப்புரிமைக்கு விண்ணப்பிக்க நேரம் வேண்டும் என்றால் ஆறு மாதம் எடுத்துக்கொள்ளட்டும். விலைப்பட்டியல், எந்தக் கடையில் எந்த ஆணி வாங்கினார்கள் என்பதெல்லாம் அவர்கள் பாடு. ஆனால் மாணவர் அளந்தது, கணக்கிட்டது, தப்புச் செய்து கற்றுக்கொண்டது ஆறு மாதத்துக்கு மேல் உள்ளே இருக்கக்கூடாது. ஒப்பந்தத்தின் சாரம் இரண்டு பக்கத்தில், மலாயில், சேரும் நாளிலேயே மாணவர் கைக்கு வர வேண்டும். என் மாணவிக்கு அந்த இரண்டு பக்கம் முதல் நாளே கிடைத்திருந்தால் அவள் வேறு தலைப்பு எடுத்திருப்பாள்.

இன்னொன்று, பேராக்காரன் என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது. இணைவு சுத்தமான ஆற்றல் என்கிறார்கள். நிலக்கரியோடு பார்த்தால் ஆமாம். ஆனால் அந்த நியூட்ரான் இரும்பில் மோதி மோதி இரும்பையே கதிரியக்கம் உள்ளதாக்கும். டிரிட்டியமும் கதிரியக்கப் பொருள். பாதியாகக் குறையவே 12.3 வருடம் ஆகும். அணுவைப் பிளக்கும் இன்றைய உலைகளின் கழிவு போல ஆயிரக்கணக்கான வருடக் கதை அல்ல, ஒப்புக்கொள்கிறேன். அந்தப் புதுக் காந்த நாடாவிலோ யட்ரியம் போன்ற அருமண் தனிமங்கள் இருக்கின்றன, மிக மெல்லிய அளவில். அருமண் என்றால் எங்கள் பக்கத்தில் ஒரு ஊர்ப் பெயர் உடனே நினைவுக்கு வரும்: ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேரா. ஈயக் கழிவு மணலிலிருந்து அருமண் எடுத்த ஆலை 1982-லிருந்து அங்கே ஓடியது. கதிரியக்கமுள்ள தோரியம் கலந்த கழிவைப் பற்றி ஊர்க்காரர்கள் கேட்கக் கேட்க, ஆபத்தில்லை என்ற பதிலே வந்தது. வழக்குப் போட்டார்கள். 1992-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது, 1993-இல் மேல் நீதிமன்றம் அதை மாற்றியது, 1994-இல் நிறுவனமே மூடிக்கொண்டு போனது. கழிவு இன்றும் கிளேடாங் மலைப்பக்கம் புதைந்து கிடக்கிறது.

அதையும் இதையும் ஒன்றாகப் போடவில்லை. பல்கலைக்கழகம் ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து நியூட்ரான் வரும் கருவி எதையாவது வைத்தால், கதிர்வீச்சு அளவும் பாதுகாப்புத் தகவலும் எந்த ரகசிய வரிக்குள்ளும் வரக்கூடாது, அவ்வளவே கேட்கிறேன். இந்த மாநிலத்தில் யாரும் அதற்குக் குறைவாகக் கேட்கமாட்டார்கள்.

என் ஊரில் ஒருவர் சொன்னார்: “வாத்தியாரே, இங்க தோட்டத்துச் சாலைல குழி மூட ஆளில்ல. நீங்க சூரியனப் பத்தி மனு போடுறீங்க.” சிரித்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். பிரான்சில் முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்து கட்டும் ஈட்டர் என்ற இணைவு இயந்திரத்தை மூடியிருக்கும் 3,850 டன் எஃகுக் கூடு, குஜராத்தின் ஹசிராவில் தயாராகிப் போனது. பற்றவைப்பு வேலை தெரிந்தவர்கள் செய்தது. இந்தத் துறைக்கு வேண்டியவர்களில் பலர் வெற்றிடக் குழாய் பொருத்தத் தெரிந்தவர்கள், உணர்கருவி செய்யத் தெரிந்தவர்கள், கணினியில் பிளாஸ்மாவை ஓட்டிப் பார்ப்பவர்கள். பினாங்கு ஆலைகளில் நுண்ணிய வேலை பார்க்கும் பிள்ளைகள் நிறையப் பேர் எங்கள் மாதிரி ஊர்களிலிருந்து போனவர்கள்தான். எங்கள் பள்ளிகளில் படிவம் ஆறில் இயற்பியல் எடுக்கும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். குறைவுதான், ஆனால் இருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்குப் பல்கலைக்கழகம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். எங்கள் வீடுகளில் பட்டமளிப்புப் படம் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டப்படும். ஆய்வேட்டைத் தடித்த அட்டை போட்டு, பெயரைத் தங்க எழுத்தில் அச்சடித்து, அலமாரியில் வைப்பார்கள். யாரும் படிக்கமாட்டார்கள், வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார்கள். என் மாணவி வீட்டு அலமாரியில் அந்த இடம் காலியாக இருக்கிறது. அம்மா ஒரு பூஞ்சாடியை வைத்திருக்கிறார்.

உங்கள் பதில் மலாயில் வந்தால் நானே தமிழாக்கிக்கொள்கிறேன். சந்தைக்குப் பக்கத்து ஒட்டுக்கடைக்காரரிடம் சுவரில் ஒரு பக்க அளவுக்கு இடம் கேட்டு வைத்திருக்கிறேன், நாலு நம்பர் லாட்டரி முடிவு ஒட்டும் பலகைக்கு அடுத்து. அங்கேதான் எல்லோரும் நின்று படிப்பார்கள். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக அச்சடித்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்